பூஜ்யத்தில் பத்து சதவீதம்

“ஆனைச்சுனையில இருந்து இப்பல்லாம் யாருமே கூப்பிடுததில்ல மேடம்” என்றார் ஞானதிரவியம், போனில்.

“நல்லதுதான?” என்றார் தமயந்தி.

“நல்லதுதான். ஆனா மனசுக்குச் சரியாப் படல.”

“மாடல் என்ன சொல்லுது?”

“ஆம்புலன்ஸைக் கீழ கொண்டாந்துரச் சொல்லுது. நாளைக் கழிச்சு நான் கையெழுத்துப் போடணும்.”

“சரிபாத்தீங்களா?”

“பாத்துட்டேன். எல்லா நம்பரையும் பத்து சதவீதம் கூட்டிப் பாத்தேன். குறைச்சும் பாத்தேன். முடிவு மாறல.”



“நாளைக்குப் பத்து மணிக்கு வீட்டுக்கு வாங்க” என்றார் தமயந்தி.

ஞானதிரவியத்துக்குத் தமயந்தி குரு. குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். தமயந்திக்கு நாற்பத்து மூன்று வயது. மாலை நேரக் கல்லூரியில் மேலாண்மைக் கணிதம் நடத்துகிறவர். சிஷ்யர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். தலை நரைத்த பிறகு படிக்கப் போனவர்.

ஞானதிரவியத்துக்கு வேலை ஓர் அறக்கட்டளையில். மாவட்டம் முழுக்க ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அறக்கட்டளை. எந்த வண்டி எந்த ஊரில் நிற்க வேண்டும் என்பதை முன்பெல்லாம் இயக்குநர் ராஜபூபதி தன் இஷ்டத்துக்குச் சொல்வார். வேண்டியவர் வீட்டுக் கல்யாணம் என்றால் மண்டப வாசலில் ஒரு வண்டி நிற்கும். தேரோட்டம் என்றால் தேரடியில் இரண்டு. கேட்டால் “குத்துமதிப்பா ஒரு கணக்குதான் சார்” என்பார்.

அந்தக் குத்துமதிப்பைப் பார்த்துப் பார்த்து ஞானதிரவியத்துக்கு வயிறு எரியும்.

அதனால்தான் படிக்கப் போனார். தமயந்தியிடம் உட்கார்ந்து ஒரு மாடல் செய்தார். எந்த ஊரிலிருந்து எத்தனை அழைப்பு வருகிறது, எந்த ரோட்டில் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று உள்ளே போட்டால், எந்த வண்டி எங்கே நின்றால் சராசரி நேரம் குறையும் என்று அது சொல்லும். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்காது.

முதல் வருடம் ராஜபூபதி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மாடல் சொல்லுததைக் கேக்கவே மாட்டேங்காரு மேடம்” என்று ஞானதிரவியம் அப்போது வந்து புலம்பினார்.

“அப்ப இன்னும் கொஞ்ச நாளைக்குச் சந்தோஷமா இருங்க” என்றார் தமயந்தி.

இது என்ன பதில் என்று ஞானதிரவியத்துக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டாம் வருடம் ராஜபூபதி கேட்க ஆரம்பித்தார். சராசரி நேரம் இறங்கியது. பத்திரிகையில் படம் வந்தது. பிறகு அவர் மாடல் சொன்னதை மட்டும்தான் கேட்டார்.

ஆனைச்சுனை மலை உச்சியில் இருக்கிறது. கீழேயிருந்து வண்டி ஏற மூன்று மணி நேரம். அங்கேயே ஒரு வண்டி நின்றது. மலையில் அழைப்பு குறைவு, அந்த வண்டியைப் பாதி நாள் கீழே நிறுத்து என்றது மாடல். நிறுத்தினார்கள். அழைப்பு இன்னும் குறைந்தது. இப்போது மூன்று மாதமாக ஒன்றுகூட இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஞானதிரவியம் கணக்குத் தாள்களோடு வந்து தமயந்தியின் வீட்டு மணியை அழுத்தினார்.

கதவு திறக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். உள்ளே குக்கர் விசில் அடித்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஆள் இருக்கிறது.

போன் செய்தார். போன் உள்ளே அடித்து ஓய்ந்தது.

இன்னும் இரண்டு தடவை மணியை அழுத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். வெயில் படியேறி முழங்காலுக்கு வந்தது. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. வரச் சொன்னதே அவர்தானே என்று இருந்தார். இனி மணியை அழுத்துவதில்லை என்று ஒரு வீம்பும் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“அடடே, இங்கதான் இருக்கீங்களா?” என்றார் தமயந்தி.

“பத்து மணியில இருந்து இருக்கேன் மேடம்.”

“மணி அடிக்கலையே?”

“அடிச்சேன். நாலு தடவை அடிச்சேன். போன் பண்ணினேன்.”

“அது முதல்ல. அப்புறம் ஒரு மணி நேரமா அடிக்கலையே?”

“நீங்க திறக்கல. அப்புறம் எதுக்கு அடிக்கணும்?”

“நான் உங்களுக்கு வேலை முடிஞ்சு போச்சுன்னுல்லா நெனச்சேன்” என்றார் தமயந்தி. சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குருமார்களுக்கு ஒரு விஷயத்தை நேராகச் சொன்னால் நாக்கு வெந்துவிடும் போலிருக்கிறது.

ஞானதிரவியம் தண்ணீரைக் குடிக்கவில்லை. செம்பைப் பிடித்தபடியே நின்றார்.

மலையிலிருந்து போன் வரும்போது வண்டி கீழே நிற்கும். அழைப்பை எடுப்பவர் என்ன சொல்வார் என்பது அவருக்குத் தெரியும். “வண்டி வர நேரமாகும், வேற ஏற்பாடு பண்ணிக்கிடுதீங்களா?” என்பார். அவர்களும் சரி என்பார்கள். வேறென்ன சொல்வார்கள்? அழைத்தவரே வேண்டாம் என்று சொன்னதாக அந்த அழைப்பை முடித்துவிடுவார்கள். அப்படி முடிந்தவை கணக்கில் சேராது. அந்த விதியை எழுதியதும் ஞானதிரவியம்தான்.

நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். அப்புறம் எதற்குக் கூப்பிட?

“வாரேன் மேடம்” என்றார்.

“கொண்டுவந்த பேப்பரைக் காட்டலையே?”

“வேண்டாம்.”

*

திங்கட்கிழமை ராஜபூபதியின் அறையில் ஞானதிரவியம் எல்லாவற்றையும் சொன்னார். ராஜபூபதி குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீங்க சொல்லுதது எனக்கு முன்னாடியே தெரியும் சார்” என்றார்.

“தெரியுமா?”

“வண்டி போகாத ஊர்ல இருந்து எவன் கூப்பிடுவான்? இதுக்கு என்ன படிப்பு வேணும்?”

“தெரிஞ்சுமா என் கையெழுத்தைக் கேக்கீங்க?”

“தெரிஞ்சதாலதான் கேக்கேன். சராசரி பதினெட்டு நிமிஷத்துக்குக் கீழ வந்தாத்தான் கவர்மெண்டுல நமக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாங்க. வரலேன்னா ஆனைச்சுனை வண்டி மட்டுமில்ல, எல்லா வண்டியும் நின்னு போகும். எதையாவது எடுத்துத்தான் ஆகணும். நான் எடுத்தேன்னு வைங்க, மலையே இறங்கி வந்து என் வாசல்ல உக்காரும். மாடல் எடுத்துச்சுன்னா யார் வாசல்ல போய் உக்காருவாங்க?”

ஞானதிரவியம் இத்தனை நாள் தன் மாடலை இந்த மனுஷன் மதிக்கிறார் என்றல்லவா பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

“என்னைக் கல்நெஞ்சன்னு நெனைக்காதீங்க சார்” என்றார் ராஜபூபதி. “கூப்பிடாம இருக்கவங்க எத்தனை பேரு? ஒரு நம்பர் குடுங்க. அதையும் உள்ள போட்டு ஓட்டுங்க. வண்டி அங்கயே நிக்கட்டும்னு மாடல் சொன்னா நின்னுட்டுப் போகுது.”

“அந்த நம்பர் என்கிட்ட இல்லையே.”

“குத்துமதிப்பாப் போடுங்க.”

எந்த வார்த்தையை அந்த ஆபீசிலிருந்து விரட்ட அவர் அத்தனை பாடுபட்டாரோ, அதே வார்த்தை.

“குத்துமதிப்பா நான் போட மாட்டேன்” என்றார் ஞானதிரவியம். “ஒரு வாரம் குடுங்க. மேல போய்க் கேட்டுட்டு வாரேன்.”

*

ஆனைச்சுனையில் தண்ணீர்த் தொட்டியடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் ஆம்புலன்ஸ் ஆபீஸிலிருந்து வருகிறார் என்றதும் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

“இந்த மூணு மாசத்துல, ஆம்புலன்ஸ் தேவைப்பட்டும் கூப்பிடாம விட்டது எத்தனை தடவை?” என்று கேட்டார்.

“கெடக்கு எத்தனையோ” என்றார் ஒரு பெரியவர்.

“எத்தனைன்னு சொல்லுங்களேன்.”

“அதை எண்ணியா வச்சிருக்கோம்? மழைக்கு முந்தி ஒருத்தன் நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்தான். வேட்டியில தொட்டில் கட்டித் தூக்கிட்டு எறங்கினோம். பொறவு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்ல இழுத்துச்சு.”

“எந்தத் தேதி?”

ஆடியில் என்றார் ஒருவர். ஆடி கழிந்து என்றார் இன்னொருவர். இல்லை, அது போன வருஷம் என்றார் தொட்டியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தவர். மூன்று பேரும் சண்டைக்கு நின்றார்கள்.

“தேதி தெரிஞ்சா சேத்துக்கிடலாம்” என்றார் ஞானதிரவியம்.

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “விழுந்தவன் செத்துட்டான் சார். அவன்ட்டதான் கேக்கணும்.”

ஞானதிரவியம் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

முப்பிடாதி என்ற ஒரு பெண் அவருக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றித்தான் நின்றாள்.

“எனக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு” என்றாள். “வலி எடுத்துச்சுன்னா, கூப்பிட்டா வண்டி வருமா சார்?”

“அது இன்னும் முடிவாகலம்மா.”

“யார் முடிவு பண்ணுவா?”

 “நம்பரைப் பொறுத்துதாம்மா” என்றார்.

“வரும்னு சும்மாவாவது சொல்லிட்டுப் போங்களேன்” என்று அவள் சிரித்தாள். “காசா பணமா?”

ஞானதிரவியம் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லாதவர். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கொடுத்தார்.

*

ஆபீசில் மாடலைத் திறந்தார். ஆனைச்சுனைக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது.

கையை வைத்தார். எடுத்தார்.

செத்தவனைப் போடலாம். தேதி இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போடலாம். அது இந்த வருஷமா போன வருஷமா என்று ஊருக்கே தெரியவில்லை. முப்பிடாதியின் வயிறு நினைவுக்கு வந்தது. அது இனிமேல் நடக்கப் போவது. நடந்து முடிந்ததைத்தான் டேட்டா என்பார்கள். பாடத்தில் அப்படித்தான் இருந்தது.

ஒன்றைக் குத்துமதிப்பாகப் போட்டால், நாளைக்கு ராஜபூபதி மண்டபத்துக்கும் தேரடிக்கும் ஒன்று போடச் சொல்வார். எந்த முகத்தோடு மறுப்பது?

கட்டத்தைக் காலியாகவே விட்டார்.

காலியை மாடல் பூஜ்யம் என்று படிக்கும். அது அவருக்குத் தெரியும். அப்படிப் படிக்கச் சொன்னதே அவர்தான்.

வழக்கம்போலச் சரிபார்த்தார். எல்லா ஊரின் எண்ணையும் பத்து சதவீதம் கூட்டினார். பத்து சதவீதம் குறைத்தார். பூஜ்யத்தைப் பத்து சதவீதம் கூட்டினாலும் பூஜ்யம்தான், குறைத்தாலும் பூஜ்யம்தான். இதைச் சின்ன வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் எல்லா ஊரையும் ஒரே தட்டலில் கூட்டிக் குறைக்கிறவர் கண்ணுக்கு அது படவில்லை.

முடிவு மாறவில்லை.

“நம்பர் கெடைக்கல” என்று ராஜபூபதியிடம் சொன்னார்.

“அப்ப?”

ஞானதிரவியம் கையெழுத்துப் போட்டார்.

ராஜபூபதி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். “நான் நீங்க ஏதாவது ஒண்ணு போட்டுக் கொண்டாருவீங்கன்னு நெனச்சேன் சார்” என்றார்.

ஆனைச்சுனை வண்டி மலை இறங்கியது. கீழே ஏற்கெனவே வண்டிகள் இருந்த இடத்தில் அதுவும் ஒன்றாக நின்றது. சராசரி பதினெட்டுக்குக் கீழே போனது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். ஞானதிரவியம் தன் பங்கைப் பொட்டலமாகக் கட்டி மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

*

செய்தி பத்திரிகையில் உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். குறுக்குப் பாதை ஓடையில் வெள்ளம். தண்ணீர் வடிவதற்காகக் கரையில் காத்திருந்திருக்கிறார்கள். வடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

பெயர் போட்டிருந்தார்கள்.

ஞானதிரவியம் அழைப்புகளைத் தேடிப் பார்த்தார். அன்றைக்கு ஆனைச்சுனையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அந்த மாதச் சராசரி இன்னும் அரை நிமிடம் குறைந்திருந்தது.

அவர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

திரும்பி வந்தபோது ராஜபூபதி அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் அதே பத்திரிகை. கண் சிவந்திருந்தது. கேலி செய்ய வந்தவர் முகம் அப்படி இருக்காது.

“இப்ப தேதி இருக்குல்லா சார்” என்றார். “போட்டுப் பாருங்க.”

*

மறுநாள் ஞானதிரவியம் தமயந்தியின் வீட்டுப் படியேறி வாசலில் நின்றார். மணியை அழுத்தவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவருக்கே தெரியாது.

கதவு தானாகத் திறந்தது. தமயந்தியும் பத்திரிகை படித்திருந்தார். “உள்ள வாங்க” என்றார்.

“வண்டி காலையில மறுபடி மலைக்குப் போயிட்டுது மேடம்.”

“யார் அனுப்பினா?”

“மாடல்தான் அனுப்பச் சொல்லிச்சு.”

“எத்தனை போட்டீங்க?”

“ரெண்டு. அவளுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு.”

தமயந்தி நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

“அன்னைக்கு என்னை ஒரு மணி நேரம் வெயில்ல உக்கார வச்சீங்க” என்றார் ஞானதிரவியம். “எனக்குப் புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது. அதுக்குப் பதிலா, அந்தக் கட்டத்தைக் காலியா விடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா மேடம்?”

 புதிராகப் பேசுவதற்குக்கூடத் தமயந்தியிடம் ஒன்றும் இல்லை. முந்தானையை விரலில் சுற்றினார், பிரித்தார்.

என்ன கேட்பது என்று தெரியாதவர்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்பது போல, “சரிபாத்தீங்களா?” என்றார்.

“பாத்தேன்.”

“பத்து சதவீதமா?”

“இல்ல மேடம். ஒண்ணு குறைச்சுப் பாத்தேன்.”

“முடிவு மாறிச்சா?”

“மாறல” என்றார் ஞானதிரவியம். “ஒண்ணே போதுமாயிருந்துது.”